இணைய வெளியில் காருகுறிச்சியார் மேளம்

பொருநையாற்றின் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் செழித்திருக்கும் ஊர்களுள் காருகுறிச்சியும் ஒன்றாகும். சேரன்மாதேவிக்கும் வீரவநல்லூருக்கும் இடையே அமைந்த இவ்வூர் மண்பாண்டத் தொழிலுக்குப் பெயர் பெற்றது. எனினும், தமிழ் வழங்கும் நிலமெங்கும் இவ்வூர்ப் பெயர் பரவியதற்கு மண்ணைவிட ஒருவருடைய மூச்சுக் காற்றே காரணம் எனலாம். 1921-இல் பிறந்து, திருவாவடுதுறை டி.என். இராஜரத்தினம் பிள்ளையிடம் குருகுல முறையில் பயின்று, நாற்பதுகளின் தொடக்கத்திலேயே 1964-இல் மறைந்த நாகசுர மேதை காருகுறிச்சி அருணாசலம் அவர்களே அவர். பிற்காலத்தில் அவர் வாழ்ந்த கோவில்பட்டியில் அவருக்குச் சிலையும் உண்டு.

திருநெல்வேலி வானொலி நிலையம் தோன்றியது 1963-ஆம் ஆண்டின் இறுதியிலாகும். அடுத்த ஆண்டின் ஏப்ரலிலேயே காருகுறிச்சியார் மறைந்துவிட்டார். தம் மண்ணின் வானொலி ஒலிக்கத் தொடங்கிய சில திங்களிலேயே அம்மண்ணின் தலைசிறந்த ஓசை நின்றுபோயிற்று. ஆகவே, இன்று அவர் இசையைக் கேட்க விரும்பும் இளைஞர்க்கு எஞ்சியிருப்பவை இசைத்தட்டுகள், பிற வானொலி நிலையங்களின் பதிவுகள், அன்பர் சிலர் திருவிழாக்களிலும் திருமணங்களிலும் எடுத்து வைத்த ஒலிநாடாக்கள், ஒரு திரைப்படப் பாடல் ஆகியனவேயாம். இவற்றுட் பெரும்பகுதி இன்று யூடியூப் முதலிய காணொளித் தளங்களில் ஏறியிருக்கின்றது. கைப்பேசியில் அவர் பெயரைத் தட்டிய அளவில் பதிவுகள் வரிசையாக வந்து நிற்கின்றன. அவற்றுள் எவற்றைத் தேடிக் கேட்கலாம், எத்தகைய காணொளிப் படைப்பாளர்களைத் தொடரலாம் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மேளம் என்பது ஒரு குழு

மேலைநாட்டு இசைக்குழுக்களை விரும்பிக் கேட்போரிடம் ஒரு நற்பழக்கம் உண்டு. இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவை எடுத்துக்கொள்வோம். அக்குழு 1970-இலேயே கலைந்துவிட்டது. ஆயினும் அதன் அன்பர் எவரைக் கேட்டாலும் ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் என நால்வர் பெயரையும் தயக்கமின்றிச் சொல்வர். தோற்கருவி இசைத்த ரிங்கோவின் பெயரை அவர்கள் விட்டுவிடுவதில்லை. எந்தப் பாடலில் எவர் எதை வாசித்தார் என்று மணிக்கணக்கில் விளக்கும் காணொளிகளும் அவர்கள் மொழியில் மிகுதி.

நம் பெரிய மேளமும் அத்தகைய ஒரு குழுவேயாகும். நாகசுரம் இரண்டு, தவில் இரண்டு, தாளம் ஒன்று, சுருதிக்கு ஒத்து என்பது அதன் பழைய அமைப்பு. ஒத்தின் இடத்தைப் பிற்காலத்தில் சுருதிப் பெட்டி பிடித்துக்கொண்டது. முதல் நாகசுரக்காரர் இராகத்தின் ஒரு பிடியை விரித்து நிறுத்தும்போது, இணை நாகசுரக்காரர் அதனைத் தாங்கியும் தொடர்ந்தும் வாசிப்பார். அந்த இடைவெளியில்தான் முதல்வர் மூச்சு வாங்கிச் சீவாளியைச் சரிசெய்து கொள்வார். தவிற்காரர் இருவரும் மாறி மாறி வாசிக்கும் தனியே பலருக்குக் கச்சேரியின் உச்சமாகும். ஆறுபேர் கூடி எழுப்பும் இவ்வோசைக்கு நாம் வழங்கும் பெயரோ ஒருவர் பெயர் மட்டுமே. ‘காருகுறிச்சி அருணாசலம், தோடி’ என்று எழுதப்பட்ட பதிவுகளைப் பார்க்கலாம். உடன் வாசித்தவர் யார், தவில் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்ற செய்தி பலவற்றுள் இல்லை. இக்குறையே காணொளிப் படைப்பாளரைத் தரம் பிரிப்பதற்கு நாம் கைக்கொள்ளும் முதல் அளவுகோலாக அமைகின்றது. குழுவின் பெயர்களை முழுமையாகச் சொல்பவரை நம்பலாம். சொல்லாதவர் எத்துணை ஆயிரம் பேரால் பார்க்கப்பட்டாலும் இரண்டாம் நிலையினரேயாவர்.

பதிவுகள் வந்த வழி

நிமிடத்திற்கு 78 சுற்றுச் சுழலும் பழைய இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிட அளவே ஓடும். கோயில் வீதியில் ஓர் இராகத்தை மணிக்கணக்கில் விரிக்கும் மரபுடையார் அம்மூன்று நிமிடத்திற்குள் தம்மைச் சுருக்கிக்கொள்ள நேர்ந்தது. இராஜரத்தினம் பிள்ளையின் தோடியும் தட்டில் அவ்வாறு சுருங்கியதே. பின்னர் வந்த ஒலிநாடா இக்கட்டினைத் தளர்த்தியது. அன்பர்கள் நாடாவில் பிடித்தவை நெடிய கச்சேரிகள். அவை ஒருவரிடமிருந்து மற்றொருவர் படியெடுத்து, அப்படியிலிருந்து இன்னொருவர் படியெடுத்து, கேசட்டாகவும் குறுந்தகடாகவும் மாறி, இறுதியில் இணையத்திற்கு வந்து சேர்ந்தன. படிதோறும் இரைச்சல் கூடியது. தாளில் எழுதி நாடாப் பெட்டியில் வைத்திருந்த குறிப்புகள் வழியிலேயே உதிர்ந்தன.

நாடா ஓடும் வேகம் மாறிப் போவது மற்றொரு தீங்காகும். படியெடுக்கும் கருவி ஏறக்குறைய ஆறு விழுக்காடு விரைந்து ஓடினால் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும். ஒரு மணி நேர வாசிப்பு மூன்றரை நிமிடம் குறைந்து ஒலிக்கும். கேட்பவர் அதனை வித்துவானின் விறுவிறுப்பு என்று வியப்பர். விறுவிறுப்பு இயந்திரத்தினுடையது! நாகசுரத்தில் நீளம் குறைந்து உச்சச் சுருதியில் ஒலிப்பது திமிரி. நீண்டு தாழ்ந்த சுருதியில் ஒலிப்பது பாரி. இராஜரத்தினம் பிள்ளை பாரி நாகசுரத்தை நிலைநாட்டியவர். அதனை அவருக்காக வடித்துத் தந்தவர் நரசிங்கம்பேட்டை அரங்கநாத ஆசாரி. பாரியின் சுருதி இரண்டு அல்லது இரண்டரைக் கட்டை அளவில் நிற்கும். ஒரே காலத்தில், ஒரே கருவியில் வாசித்த இரு பதிவுகள் வெவ்வேறு சுருதியில் ஒலித்தால், அவற்றுள் ஒன்றேனும் வேகம் பிறழ்ந்தது என ஐயுறலாம். சுருதிப் பெட்டியை அருகில் வைத்துக்கொண்டு கேட்கும் மாணவர் இதனைத் தாமே சோதித்து அறியலாம். வேகத்தைச் செம்மை செய்து, செம்மை செய்த செய்தியையும் குறிப்பில் எழுதும் படைப்பாளர் மிகச் சிலர். அவர்களே போற்றத்தக்கோர்.

மற்றொன்றும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. காணொளி என்ற பெயரில் ஏறியிருப்பினும், காருகுறிச்சியார் பதிவுகளுட் பெரும்பாலானவற்றில் நாம் காண்பது ஒரு நிழற்படம் மட்டுமே. ஒரே படம் ஒரு மணி நேரம் அசையாமல் நிற்கும். அதற்காக எவரையும் குறை கூறுவதற்கில்லை. அசையும் படம் அரிதாக இருந்த காலத்து இசை அது. ஆனால் அப்படத்தின் மீது மின்னும் விளக்குகளையும் பறக்கும் மலர்களையும் ஒட்டி வைப்போர் உளர். அவர்களைக் கண்களை மூடிக்கொண்டு கேட்பது நலம்.

பரிவாதினியும் தேடலும்

இத்துறையில் முதலிற் சொல்லத்தக்கது ‘பரிவாதினி’ என்னும் அமைப்பின் யூடியூப் தடமாகும். இதனை நடத்திவரும் லலிதாராம் அவர்கள் ‘காருகுறிச்சியைத் தேடி’ என்ற நூலின் ஆசிரியர். புதுக்கோட்டை மரபில் வந்த பழனி சுப்ரமணிய பிள்ளையைப் பற்றித் ‘துருவ நட்சத்திரம்’ என்னும் நூலையும் எழுதியவர் அவர். பரிவாதினி நாகசுரக் கச்சேரிகளை நடத்தி, அவற்றை இணையத்தில் நேரலையாக வழங்கி, பின்னரும் கேட்குமாறு வைத்துள்ளது. திருமண மண்டபத்தில் உணவுப் பந்தியின் ஆரவாரத்திற்கிடையே மட்டும் நாகசுரம் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு, அமர்ந்து கேட்கும் நாகசுரத்தை இத்தடம் மீட்டுத் தந்துள்ளது என்றால் மிகையாகாது. வாசிப்போர் அனைவரின் பெயரையும் தருவது இதன் இயல்பு. இசைக்கருவிகளைச் செய்வோரையும் அழைத்துச் சிறப்பிக்கும் வழக்கமும் இவ்வமைப்பிற்கு உண்டு.

காருகுறிச்சியாரின் நேரடித் தொடர்ச்சி என்று எவரையும் சுட்டுவதற்கு இக்கட்டுரை துணியவில்லை. எனினும் சின்னமனூர் விஜய் கார்த்திகேயன், இடும்பாவனம் பிரகாஷ் இளையராஜா, மயிலை கார்த்திகேயன் போன்ற இன்றைய கலைஞர்களின் வாசிப்புகளை இணையத்தில் முழுக் கச்சேரியாகவே காணலாம். பழைய பதிவொன்றைக் கேட்டபின் அதே இராகத்தில் இவர்களுள் ஒருவரின் காணொளியைக் காண்பது நல்ல பயிற்சி. காதில் விழுந்த ஒரு கமகம் எவ்வாறு பிறக்கிறது என்பதைக் கண் அப்போது அறிகின்றது.

ஏனெனில் நாகசுரம் விசைகள் அற்ற கருவி. ஆச்சா மரத்தில் கடைந்த உளவில் விரல்களுக்குரிய துளைகள் ஏழு. கீழ்ப்பகுதியில் சுருதியை நிலைப்படுத்தும் துளைகள் ஐந்து. பன்னிரண்டு சுரத்தானங்களையும் அவற்றின் இடைப்பட்ட நுண்ணொலிகளையும் வாசிப்பவர் விரலைப் பாதி திறந்தும், உதட்டின் அழுத்தத்தையும் மூச்சின் விசையையும் மாற்றியுமே உண்டாக்க வேண்டும். நாணல் வகைத் தட்டையைப் பதப்படுத்திச் செய்யும் சீவாளி ஈரத்திற்கும் வெயிலுக்கும் ஏற்பக் குணம் மாறும். ஆகவேதான் வித்துவான்கள் கருவியின் கழுத்தில் பல சீவாளிகளைக் கட்டித் தொங்கவிட்டிருப்பர். விரல்களையும் வாயையும் அருகிலிருந்து காட்டும் காணொளி இதனை ஒரு நொடியில் விளக்கிவிடும். மேடை முழுவதையும் தொலைவிலிருந்து காட்டி, வாசிப்பவர் முகத்தை ஒலிவாங்கி மறைக்குமாறு படம் பிடிப்போரும் உளர். அவர்கள் பதிவைக் காண்பதும் வானொலி கேட்பதும் ஒன்றே.

கருவி செய்யும் முறையைக் காட்டும் காணொளிகளும் பல உள. நரசிங்கம்பேட்டை நாகசுரம் 2022-இல் புவிசார் குறியீடு பெற்றபின் இவை பெருகின. பழைய வீடுகளின் ஆச்சா மரத்தைத் தேடிப் பெற்று உளவு கடையும் காட்சியைக் காண்பார்க்கு, ஒரு வீட்டின் தூண் நாகசுரமாகப் பேசத் தொடங்கும் விந்தை புலப்படும். நம் பொருநைக் கரையிலும் இத்தகைய ஒரு செல்வம் உண்டு. ஆழ்வார்திருநகரி ஆதிநாதர் கோயிலில் கல்லில் கடைந்த நாகசுரம் ஒன்று பாதுகாக்கப்பட்டு வருகின்றது. அதனைப் பற்றிய காணொளிகள் பெரும்பாலும் வியப்புச் சொற்களோடு நின்றுவிடுகின்றன. அதன் நீளம் என்ன, துளைகள் எத்தனை, சுருதி எது, மரக் கருவியினின்று ஒலி எவ்வாறு வேறுபடுகிறது என்று முறையாக அளந்து காட்டும் காணொளியே நாம் எதிர்பார்ப்பது.

ஒரு திரைப்பாடலும் அதன் உரைகாரர்களும்

காருகுறிச்சியாரின் பெயரை இல்லந்தோறும் கொண்டு சேர்த்தது 1962-இல் வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’ திரைப்படமாகும். எம்.வி. இராமன் இயக்கிய இப்படத்திற்கு இசையமைத்தவர் எஸ்.எம். சுப்பையா நாயுடு. ஆபேரி இராகத்தில் அமைந்த ‘சிங்கார வேலனே’ பாடலை எஸ். ஜானகி பாட, காருகுறிச்சியார் நாகசுரம் வாசித்தார். திரையில் நாகசுரக் கலைஞராகத் தோன்றுபவர் ஜெமினி கணேசன். பாடுபவராகத் தோன்றுபவர் சாவித்திரி. குரலும் நாகசுரமும் ஒன்றையொன்று துரத்தும் அப்பாடலின் பிற்பகுதி பாடகர்க்கு இன்றும் ஒரு சோதனையாகவே விளங்குகின்றது.

இப்பாடலை விளக்கும் காணொளிகள் மிகப் பல. அவற்றுட் பல ஜானகி அம்மையாரின் குரல்வளத்தோடு நின்றுவிடுகின்றன. அது போற்றத்தக்கதே, ஐயமில்லை. ஆயினும் குரலுக்கு நிகராக நாகசுரத்தை மெலிதாக்கி வாசித்த அடக்கத்தை அவ்விளக்கங்கள் தொடுவதில்லை. ஊர் முழுவதும் கேட்க வாசிக்கும் கருவி நாகசுரம். அதனை ஒரு பெண்குரலின் அருகே நிறுத்தி, குரலை விழுங்காமல், அதே நேரத்தில் தன் இயல்பையும் இழக்காமல் ஒலிக்கச் செய்தல் மூச்சை ஆளத் தெரிந்தவர்க்கே கைகூடும். இதனைச் சுரம் சுரமாகப் பிரித்து, நாகசுரப் பகுதியைத் தனியே வாசித்தும் காட்டும் கலைஞர்களின் காணொளிகளைத் தேர்ந்து காண வேண்டும். பேச்சாளர் விளக்குவதற்கும் வாசிப்பவர் விளக்குவதற்கும் உள்ள வேற்றுமை அப்போது தெரியும்.

1968-இல் வந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தை இதனோடு சேர்த்துக் காணலாம். அதில் சிவாஜி கணேசனுக்காக நாகசுரம் வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். சிலர் அவ்வாசிப்பையும் காருகுறிச்சியாருடையது என்று தலைப்பிட்டுப் பரப்புகின்றனர். அவர் மறைந்து நான்கு ஆண்டுகள் கழித்து வந்த படம் அது என்பதை அன்னார் எண்ணிப் பார்ப்பதில்லை. பெயர் பெரிதாயின் பிறர் உழைப்பும் அப்பெயரில் ஏறிவிடுகின்றது.

இவ்விடத்தில் குறுங்காணொளிகளைப் பற்றியும் ஒரு சொல். யூடியூப் தளத்தின் ‘ஷார்ட்ஸ்’ 2020-இல் இந்தியாவில் அறிமுகமாகி, ஒரு நிமிட அளவில் நின்றது. 2024 அக்டோபரில் அது மூன்று நிமிடமாயிற்று. சுழன்று சுழன்று மீண்டும் பழைய இசைத்தட்டின் மூன்று நிமிடத்திற்கே வந்து நிற்கின்றோம்! வேறுபாடு ஒன்று உண்டு. இசைத்தட்டின் காலத்தில் சுருக்கியவர் வித்துவானே. எதை விடுப்பது, எங்கே முடிப்பது என்பது அவர் முடிவு. இன்று சுருக்குபவர் வெட்டுக் கருவியைக் கையில் வைத்திருக்கும் எவரோ. மேலே ஏறி நிற்கும் உச்சத் தாரப் பிடியை மட்டும் வெட்டி எடுத்தால் கைதட்டல் கிடைக்கும். அவ்வுச்சிக்கு ஏறிச் சென்ற அரைமணி நேரப் படிகள் இல்லாமற் போகும். இராகம் என்பது அப்படிகளே.

கரிசல் எழுத்தும் நாகசுரமும்

காருகுறிச்சியாரைப் பற்றி அறிய விரும்புவோர் இசைக் காணொளிகளோடு நிற்றல் ஆகாது. கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் பிறந்த எழுத்தாளர் கி. ராஜநாராயணன் இசை பயின்றவர். விளாத்திகுளம் சுவாமிகளின் இசையிலும் காருகுறிச்சியார் வாசிப்பிலும் ஆழ்ந்தவர். 2021-இல் மறைந்த கி.ரா.வின் நேர்காணல்கள் காணொளியாகப் பல உள. இலக்கியத்திற்காக எடுக்கப்பட்ட நேர்காணல்களை இசை அன்பரும் பொறுமையுடன் கேட்டல் வேண்டும். அக்காலத்துச் சுவைஞர் எப்படிக் கேட்டனர், எதற்காக எத்துணைத் தொலைவு நடந்தனர் என்பன அத்தகைய பேச்சுகளில்தாம் கிடைக்கின்றன. வாசித்தவரைப் பற்றிய வரலாறு ஓரளவேனும் எழுதப்பட்டிருக்கின்றது. கேட்டவரைப் பற்றிய வரலாறு எழுதப்படவில்லை.

எழுத்தில் உள்ளவற்றுள் பி.எம். சுந்தரம் அவர்களின் ‘மங்கல இசை மன்னர்கள்’ இன்றியமையாதது. தவில் மேதை நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மைந்தரான அவர், நாகசுரக் கலைஞரோடு தவிற் கலைஞரின் வாழ்க்கைக் குறிப்புகளையும் சேர்த்தே தொகுத்தார். காணொளியின் கீழ்ப் பெயர் இல்லாதபோது இந்நூலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பது பயன் தரும்.

தவிலின் பக்கம்

தவில் தனித்துப் பேசப்படுவது அருமை. அதனாலேயே அம்ஷன் குமார் இயக்கிய யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி பற்றிய ஆவணப்படத்தை இக்கட்டுரை சிறப்பாகப் பரிந்துரைக்கின்றது. 1933 முதல் 1975 வரை வாழ்ந்த தெட்சணாமூர்த்தி ஈழத்திலும் தமிழகத்திலும் ஒருசேரப் போற்றப்பட்ட தவிற் கலைஞர். இப்படம் 2015-ஆம் ஆண்டிற்கான தேசிய விருதினைக் கலை, பண்பாட்டுப் பிரிவில் பெற்றது. அரிதாகிவிட்ட ஒலிப்பதிவுகளையும் உடன் வாசித்தோர் நினைவுகளையும் கொண்டு, கண்முன் இல்லாத ஒரு கலைஞனை எவ்வாறு எழுப்பிக் காட்டுவது என்பதற்கு இப்படம் ஒரு பாடமாகும். காருகுறிச்சியார்க்கும் அவர் குழுவினர்க்கும் இத்தகைய படம் ஒன்று தேவை என்பதைக் காண்போர் தாமே உணர்வர்.

பலா மரத்தைக் குடைந்து செய்த தவிலின் வலந்தலையைக் கூடு மாட்டிய விரல்களாலும், இடந்தலையைக் கழியாலும் முழக்குவர். ஒற்றை ஒலிவாங்கி வைத்து எடுத்த பழைய நாடாக்களில் தவில் அருகில் இருந்தால் நாகசுரத்தை அமுக்கிவிடும். தொலைவில் இருந்தால் முழக்கம் மட்டும் கேட்டுச் சொற்கள் கேட்கமாட்டா. சில படைப்பாளர் இன்றைய மென்பொருள் கொண்டு இரைச்சலை நீக்குவதாக எண்ணித் தவிலின் மேலோசைகளையும் சேர்த்தே நீக்கிவிடுகின்றனர். இரைச்சலோடு கூடிய முழுப்பதிவு, தூய்மை செய்த முடப்பதிவைவிட மேலானது.

நெல்லைச் சீமையின் கொடை விழாக்களில் ஒலிக்கும் நையாண்டி மேளமும் இதே குடும்பத்தைச் சார்ந்ததுதான். நாகசுரத்தோடும் தவிலோடும் பம்பை, தமுக்கு, தாளம் ஆகியன சேர்ந்து கரகாட்டத்திற்கு முழங்கும் அவ்விசை செவ்வியல் மேடைகளில் இடம்பெறவில்லை. ஆனால் காணொளித் தளங்களில் அதற்கென்றே தடங்கள் நடத்தும் உள்ளூர் ஒளிப்பதிவாளர் பலர் உளர். விடிய விடிய நடக்கும் கொடையினை வெட்டாமல் ஏற்றுவோர் அவர்கள். இசை ஆய்வாளர் அவர்களைப் பொருட்படுத்துவதில்லை. ஐம்பது ஆண்டு கழித்து ஆய்வாளர்க்குச் சோறு போடப் போவது அந்தப் பதிவுகள்தாம் என்பது நம் கருத்து.

சின்ன மௌலானா

நாகசுரத்தைத் தேடுவோர் ஷேக் சின்ன மௌலானா சாகிப் அவர்களின் பதிவுகளைத் தவறவிடலாகாது. 1924-இல் ஆந்திரத்தின் கரவதியில் பிறந்த அவர் இராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பில் உளம் பறிகொடுத்தவர். தஞ்சை பாணியை முறையாகக் கற்கும் பொருட்டு நாச்சியார்கோயில் இராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் பயின்று, திருவரங்கத்தையே தம் ஊராக்கிக் கொண்டார். 1998-இல் சங்கீத கலாநிதி விருது பெற்று, 1999-இல் மறைந்தார். அவருடைய பேரர்கள் காசிம், பாபு இருவரும் அம்மரபைத் தொடர்கின்றனர். அவர் மரபில் பயின்ற ஷேக் மகபூப் சுபானி, காலீஷாபீ இணையர் 2020-ஆம் ஆண்டிற்கான பத்மஸ்ரீ விருது பெற்றனர். திருக்கோயில் வாயிலில் ஒலிக்கும் கருவியைத் தலைமுறை தலைமுறையாகப் பேணும் இம்முசுலிம் குடும்பங்களைப் பற்றிய காணொளிகள் பல, அவர்தம் சமயத்தைப் பெருவியப்பாக எடுத்துப் பேசி, இசையைச் சில நொடிகளில் முடித்துவிடுகின்றன. சாகிப் அவர்களின் பெருமை அவர் யார் என்பதோடு முடிவதன்று. அவர் வாசித்த வாசிப்பில் உள்ளது. முழுக் கச்சேரியைத் தரும் பதிவுகளையே நாடுக. அவர் மறைவிற்கு முந்தைய ஆண்டுகளில் காட்சிப் பதிவுக் கருவிகள் பரவிவிட்டமையால், காருகுறிச்சியார்க்கு வாய்க்காத அசையும் படம் இவர்க்கு வாய்த்தது. இராஜரத்தினம் பிள்ளையைக் கேட்டுக் கேட்டுத் தோய்ந்த ஒருவரின் விரலும் உதடும் எவ்வாறு இயங்கின என்பதைக் கண்ணால் காண, நமக்கு இன்று கிடைக்கும் வழிகளுள் இது சிறந்தது.

நம் மாணவர் செய்யத்தக்கது

காருகுறிச்சியார் மறைந்தபோது பத்து வயதுச் சிறுவராக இருந்தோர் இன்று எழுபதைக் கடந்தவர். சேரன்மாதேவியிலும் அம்பாசமுத்திரத்திலும் கல்லிடைக்குறிச்சியிலும் அவர் வாசிப்பை நேரில் கேட்ட முதியோர் இன்னும் உளர். பெயரின்றிக் கிடக்கும் ஒரு பதிவினைக் கைப்பேசியில் அவர்க்குக் கேட்கச் செய்தால், ‘தவில் இன்னார்’ என்று கைவிரலால் தாளமிட்டுக்கொண்டே சொல்லக்கூடியவர் அவர்களுள் இருக்கலாம். அச்சொல்லைப் பதிவின் கீழே கருத்துரையாக எழுதிவைப்பது எவர்க்கும் எளிய செயல். யார் சொன்னார், எவ்வூரினர், தாம் நேரில் கேட்டதா அல்லது பிறர் சொல்லக் கேட்டதா என்பதையும் சேர்த்தே எழுதுதல் வேண்டும். இருவர் இருவேறு பெயர் சொன்னால் இரண்டையும் எழுதுக. ஒன்றைத் தேர்ந்து மற்றொன்றை அழித்துவிடுவது பின்வரும் ஆய்வாளரின் கையைக் கட்டுவதாகும்.

தம் ஊர்த் திருவிழா மேளத்தைத் தாமே பதிவு செய்ய விரும்பும் மாணவர்க்கும் சில குறிப்புகள். கலைஞரிடம் இசைவு பெறுக. நாகசுரத்தின் அணசிற்கு நேர் எதிரே கைப்பேசியை நீட்டினால் ஒலி சிதறிவிடும். பதினைந்து, இருபது அடி தள்ளிச் சற்றுப் பக்கவாட்டில் நிற்றல் நன்று. சுவாமி புறப்பாட்டில் கம்பீரநாட்டையில் மல்லாரி தொடங்கும் முன்னரே பதிவைத் தொடங்குக. புறப்பாடு முடியுமட்டும் நிறுத்தற்க. மல்லாரி, இராகம், கீர்த்தனை என எது எந்த வீதியில் வாசிக்கப்பட்டது என்பதும் வரலாறே. முடிந்தபின் அறுவர் பெயரையும் ஊரையும் அவரவர் வாயாலேயே சொல்லச் செய்து, அதே பதிவின் இறுதியில் சேர்த்துவிடுக. தாளம் போடும் சிறுவனின் பெயரையும் கேட்க மறவற்க. இணை நாகசுரக்காரராகப் பத்தாண்டு கழித்து அவனே அமரக்கூடும்.